காகிதப்பூவில் தானாக வந்த புதுநிறக் கிளை: அதைத் தனி ரகமாக்கும் முழு வழிகாட்டி

மதிலோரம் நிற்கும் மெஜந்தா காகிதப்பூச் செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் வெள்ளையாகப் பூத்திருக்கும். அல்லது பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு கொப்பு மட்டும் மஞ்சள் விளிம்போடு கிளம்பியிருக்கும். கிளையாக வளரும் மொட்டில் இயற்கையாக நடந்த சடுதிமாற்றம் (மரபுக்கூறில் திடீரென நேரும் மாற்றம்) இது. நர்சரிக்காரர்கள் 'ஸ்போர்ட்' என்பார்கள். புதிதாக இதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: கிளையை அடியோடு வெட்டி, ஆறு துண்டாக்கி, மண்ணில் குத்திவிடுவது. பெரும்பாலும் ஆறும் காய்ந்துபோகும். தப்பித் துளிர்த்த ஒன்றிரண்டும் பழைய மெஜந்தாவாகவே பூக்கும். தாய்ச்செடியில் தேடினால் அந்தக் கிளை இருக்காது.

கிளை கைவிட்டுப் போவது அநேகமாக வேலையின் வரிசை மாறுவதால்தான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். குச்சி நடுவது இதில் ஏழாவது படியில்தான் வருகிறது. கிளையைக் கண்ட நாளிலிருந்து 'இது தனி ரகம்' என்று துணிந்து சொல்ல இரண்டரை, மூன்று ஆண்டு ஆகும். காகிதப்பூவை வைத்தே எழுதியிருக்கிறோம். ரோஜா, செம்பருத்தி, செவ்வந்தியில் எங்கே வேறுபடுமோ அங்கே மட்டும் சொல்லியிருக்கிறோம்.

1. தொடங்குமுன் வேண்டியவை

முதலில் வேர்ச்செடிகள், அதாவது புதுக்கிளையை ஒட்ட அடியாக நிற்கும் செடிகள். ஒட்டுக் கட்டப் பென்சில் பருமனில் தண்டுள்ள, வேகமாக வளரும் சாதாரண ஊதாக் காகிதப்பூச் செடிகள் 10 வேண்டும். குச்சியிலிருந்து அந்தப் பருமனுக்கு வர 6 முதல் 8 மாதம் பிடிக்கும். புதுக்கிளையைக் கண்ட அன்றே இவற்றை நட்டுவிடுங்கள். ஒட்டுக் கட்டும் நாளில் வேர்ச்செடி தேடி அலைந்து, மெலிந்த செடியில் கட்டிக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது.

கருவிகளாகக் கவாத்துக் கத்தரி, கூரான ஒட்டுக் கத்தி, 1.5 செ.மீ. அகலப் பாலித்தீன் நாடா, சாராய ஸ்பிரிட், ஈரத் தென்னைநார்க் கழிவு, ஐபிஏ என்ற வேரூக்கி, மில்லிகிராம் காட்டும் சிறு தராசு இவை போதும்.

பெயர்த்தகட்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மார்க்கர் மையில் எழுதிய பிளாஸ்டிக் தகடு நம்ம வெயிலில் சில மாதத்தில் வெளுத்துவிடும். குளிர்பான அலுமினிய டப்பாவை வெட்டி, ஆணியால் கீறி எழுதுங்கள். மழை வந்தாலும் அழியாது. எது புதிது, எது தாய் என்று ஒருமுறை குழம்பிவிட்டால் அடுத்த பூப்பு வரை காத்திருக்க வேண்டும்.

2. சடுதிமாற்றம்தானா என்று பாருங்கள்

நிறம் மாறிய கிளையெல்லாம் ஸ்போர்ட் ஆகாது. அப்படித் தோன்றி ஏமாற்றுவன சில உண்டு. ஒவ்வொன்றையும் கழித்துக்கட்டிய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

முதல் ஏமாற்று, கடையிலேயே ஒட்டுக் கட்டிய பல நிறச் செடி. ஒரே அடிமரத்தில் நான்கு நிறத்தை ஒட்டி விற்பது சாதாரணமாகிவிட்டது. ஒன்று ஒரு வருடம் பூக்காமல் இருந்து, திடீரெனப் பூத்தால் புதுசு போலத் தெரியும். கிளையைக் கையால் தடவிக்கொண்டே அடிமரம் வரை போங்கள். புடைப்போ, பட்டையில் குறுக்குத் தழும்போ தட்டுப்பட்டால் அது ஒட்டு.

ரோஜாவில் இதே கதை தலைகீழாக நடக்கும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி துளிர்த்து, வேறு பூ பூக்கும். புது ரகம் என்று அதை வளர்த்து, மேலே இருந்த நல்ல ரோஜாவைப் பட்டினி போட்டுக் கொல்பவர்கள் உண்டு. கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள்.

அடுத்தது பருவம். காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது பூவல்ல, பூவடிச் செதில். மூன்று செதில், ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு குழல். அந்தக் குழல்தான் பூ. செதிலின் நிறத்தைத் தருவது பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலெயின் குடும்பத்து நிறமி. கடும் வெயிலிலும் நிழலிலும் இது வெளிறும். குளிர் இரவுகளில் அடர்த்தியாகும். ஆரஞ்சு ரகங்கள் பலவற்றில் செதில் முதிர முதிர இளஞ்சிவப்பாகும். ஆகவே ஒரே வயதுள்ள செதில்களை, ஒரே பக்க வெயிலில் நிற்கும் இரண்டு கிளைகளிலிருந்து பறித்து ஒப்பிடுங்கள். ஒரே பூப்பில் முடிவுகட்டாமல், குறைந்தது இரண்டு பூப்புக் காலம் பாருங்கள்.

இலை மஞ்சளானால் சத்துக் குறையா என்று பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். அது செடி முழுக்க இளந்தளிர்களில் வரும். ஒரு கிளையில் மட்டும் வராது. களைக்கொல்லிச் சாரல் பட்டாலும் இலை சிறுத்து, வெளுத்து, கொத்தாகக் கிளம்பும். பக்கத்துக் களைகளிலும் அதே அடையாளம் இருக்கும்.

கடைசியாக வைரஸ். நரம்போரம் மஞ்சள் பட்டை விழும் வைரஸ் நோய் காகிதப்பூவில் உண்டு. வைரஸ் தரும் மஞ்சளுக்கு எல்லை மங்கலாக இருக்கும், இலைக்கு இலை வேறுபடும். சடுதிமாற்றத்தின் எல்லை கத்தியால் கீறியதுபோல் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு சோதனை: அந்தக் கிளையின் சிறு துண்டை ஆரோக்கியமான சாதாரணச் செடியில் ஒட்டி, ஆறு மாதம் தள்ளி வையுங்கள். வேர்ச்செடியின் இலையிலும் மஞ்சள் பரவினால் அது நோய். சடுதிமாற்றம் ஒட்டைத் தாண்டிப் பரவாது. இந்தச் சோதனைக்குப் பயன்படுத்திய கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்காமல் வேறு செடியில் வைக்க வேண்டாம்.

3. அடையாளம் கட்டி, வரைந்து வையுங்கள்

தகட்டைப் புதுக்கிளையில் கட்டக் கூடாது. கிளை பருத்ததும் கம்பி பட்டையை இறுக்கிவிடும். புதுக்கிளை கிளம்பும் கணுவுக்குக் கீழே, தாய்க்கிளையில் தளர்வாகக் கட்டுங்கள்.

பிறகு ஒரு தாளில் கிளையை வரையுங்கள். அடியிலிருந்து கணுக்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, ஒவ்வொரு கணுவிலும் இலை எப்படி, செதில் எப்படி என்று எழுதுங்கள். 'கணு 4: இலையின் வலப்பாதி மஞ்சள். கணு 5: முழு மஞ்சள். கணு 6: பச்சை' என்ற அளவில் போதும். எந்த மொட்டை எடுப்பது என்பதை ஆறாம் படியில் இந்தத் தாள்தான் சொல்லும். புகைப்படம் மட்டும் எடுத்து வைப்பவர்கள் அப்போது திணறுவார்கள். படத்தில் கணுவின் பின்பக்கம் தெரியாது.

படம் எடுப்பதாக இருந்தால் காலை 8 மணிக்குள், நிழலில், வெள்ளைத் தாளின் மேல் தாயின் செதிலையும் புதுச் செதிலையும் சேர்த்து வைத்து எடுங்கள். தனியாக எடுத்த படத்தில் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிவிடும்.

4. கிளைக்குள் நடந்தது என்ன?

இந்த ஒரு படியில் செய்ய வேலை எதுவும் இல்லை. ஆனால் இது புரியாமல் அடுத்த படிகளைச் செய்தால் கைக்கு வந்ததெல்லாம் தற்செயல்தான்.

தளிரின் நுனியில் வளரும் செல்கள் மூன்று அடுக்காக இருக்கின்றன, சட்டைமேல் சட்டை போட்டதுபோல. வெளியடுக்கு தோலாகிறது. நடு அடுக்கும் உள்ளடுக்கும் சேர்ந்து இலையின் சதை, தண்டின் உள்பாகம் என்று ஆகின்றன. சடுதிமாற்றம் முதலில் நடப்பது ஒரே ஒரு செல்லில். அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் ஓர் அடுக்கின் ஒரு பகுதியை மட்டும் பிடித்திருக்கலாம், அல்லது அந்த அடுக்கை முழுசாகப் பிடித்திருக்கலாம். இப்படி இரண்டு வகைச் செல்லும் ஒரே உடலில் இருப்பதைக் கைமீரா என்கிறோம்.

ஓர் அடுக்கின் ஒரு பகுதி மட்டும் மாறியிருந்தால் அது கிழிந்த சட்டை. ஒரு செதில் பாதி வெள்ளை, பாதி மெஜந்தாவாக இருக்கும். ஒரு கணு புதிது, அடுத்த கணு பழையது. இதிலிருந்து கண்டபடி எடுக்கும் குச்சி நிலைக்காது. ஓர் அடுக்கு முழுக்க மாறியிருந்தால் முழுச் சட்டை. எல்லாக் கணுவிலும் ஒரே மாதிரி வரும். நமக்கு வேண்டியது இந்த நிலை.

கிழிந்த சட்டையை முழுச் சட்டையாக்கும் வழி, மாறிய பகுதியின் நட்டநடுவில் இருக்கும் பக்கமொட்டைக் கிளம்ப வைப்பது. பக்கமொட்டு உருவாகும்போது அந்த இடத்து மூன்று அடுக்குகளையும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. அந்த இடம் முழுக்க மாறியிருந்தால் மொட்டின் அந்த அடுக்கும் முழுக்க மாறியதாக இருக்கும்.

இதே காரணத்தால் வேர்த்துண்டிலிருந்து வரும் குருத்து, வெட்டுக்காயத்தில் புதிதாக முளைக்கும் துளிர், கேலஸ் (உருவமற்ற செல்திரள்) வழியாகச் செய்யும் திசு வளர்ப்பு ஆகிய மூன்றும் இதற்கு உதவாது. அவற்றில் அடுக்கு கலைந்து, ஏதாவது ஓர் அடுக்கின் குணம் மட்டும் வெளிவரும். விதையும் அப்படித்தான்: மகரந்தமும் சூலும் பொதுவாக நடு அடுக்கிலிருந்து உருவாவதால், தோலடுக்கில் மட்டும் நடந்த மாற்றம் விதைக்குப் போகாது. தோட்டத்துக் காகிதப்பூ ரகங்கள் பல விதையே பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

5. வெட்டாமல் கிளையைத் தேற்றுங்கள்

மாறிய கிளை பெரும்பாலும் சோனி. இலையில் மஞ்சளோ வெள்ளையோ இருந்தால் பச்சையம் குறைவு, சமைக்கும் திறனும் குறைவு. பக்கத்துப் பச்சைக் கிளைகள் அதை மூடி அமுக்கிவிடும். அதனால் முதல் மூன்று மாதம் கிளையைத் தொடாமல், சுற்றியுள்ளவற்றைக் கவாத்து செய்யுங்கள். அதன்மேல் நிழல் விழுத்தும் கிளைகளையும், அது கிளம்பும் கணுவுக்கு மேலே ஓடும் பச்சைக் கிளையையும் பாதியாகக் குறைக்கலாம். முழுக்க எடுக்க வேண்டாம். சோனிக் கிளைக்குச் சோறு போடுவதில் அந்தப் பச்சை இலைகளுக்கும் பங்கு உண்டு.

உரத்தில் கையை அடக்குங்கள். யூரியா போட்டால் முதலில் திமிறிக்கொண்டு வருவது பச்சைத் தளிர்தான். மட்கிய சாணம் இரண்டு கை போதும்.

கிளை 30 செ.மீ. தாண்டி, தண்டு பழுப்பேறத் தொடங்கியதும் நுனித் தளிரை 1 செ.மீ. மட்டும் கிள்ளுங்கள். நுனி போனால் கீழே உறங்கும் பக்கமொட்டுகள் விழிக்கும். ஒவ்வொரு துளிரும் நான்கைந்து இலை விட்டதும் மூன்றாம் படியில் வரைந்த தாளில் குறியுங்கள். எந்தக் கணுத் துளிர் முழுப் புதிது, எது கலப்பு, எது பழையது என்று இப்போதுதான் உறுதியாகும். முழுப் பச்சைக்குத் திரும்பிய துளிரை உடனே அடியோடு எடுத்துவிடுங்கள்.

முழு வெள்ளை இலையோடு ஒரு துளிர் வந்தால் ஆசைப்பட வேண்டாம். தாய்ச்செடியில் இருக்கும்வரை உயிரோடு இருக்கும். தனியே எடுத்தால் உணவில்லாமல் செத்துப்போகும்.

6. முதல் நகல்: விண்பதியமும் ஒட்டும்

தாய்ச்செடியில் இருக்கும் ஒரே கிளைதான் உங்கள் மொத்தச் சொத்து. ஆகவே முதல் நகல் தோற்றாலும் கிளை மிஞ்சும் முறையாக இருக்க வேண்டும். விண்பதியம் அப்படிப்பட்டது, வேர் வரும்வரை கிளை தாயோடுதான் இருக்கும்.

பென்சில் பருமனுள்ள, முழுப் புதிதாகத் தெரியும் பக்கத்துளிர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே 2.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழுவழுப்பான படலத்தைக் கத்தி முதுகால் சுரண்டிவிடுங்கள். அந்தப் படலம் மிஞ்சினால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. தோல்வியடைந்த விண்பதியங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் காரணம் இதுதான். மேல் விளிம்பில் வேரூக்கி தடவி, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான தென்னைநார்க் கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பாலித்தீனால் இரு முனையும் இறுகக் கட்டுங்கள். வெயில் நேரே படும் கிளையானால் மேலே ஒரு செய்தித்தாள் சுற்று.

6 முதல் 8 வாரத்தில் வேர் தெரியும். முதல் வெள்ளை வேரைப் பார்த்ததும் வெட்டாமல், வேர் பழுப்பாகிக் கிளைவிடும்வரை பொறுங்கள். காகிதப்பூ வேர் நூலாக, ஒடிந்துபோகும் தன்மையோடு இருக்கும். நார்க்கட்டியை உதறாமல் அப்படியே தொட்டியில் இறக்குங்கள். பாலித்தீனைப் பிரிக்கும் அவசரத்தில் கட்டி உடைந்து, இரண்டு மாத உழைப்பு கண்ணெதிரே கொட்டுவது வழக்கம்.

விண்பதியம் பிடித்த பிறகு ஒட்டு. மஞ்சள், வெள்ளை இலைக் கிளைகளுக்கு இதுவே நல்லது. வேர்ச்செடியின் பச்சை இலைகள் ஊட்டம் தரும். ஒட்டுக்குச்சி 8 முதல் 10 செ.மீ., அதில் இரண்டு மூன்று மொட்டு. இலைகளைக் கிள்ளிக் காம்பை மட்டும் விடுங்கள்.

எந்த மொட்டு என்பதுதான் இங்கே தீர்க்கும் கேள்வி. கணுவைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இலைக்கோணத்தில் ஒரு முள் நிற்கும். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு கடுகளவு மொட்டு இருக்கும். அந்த இலை முழுக்கப் புதிய நிறமா? மொட்டை எடுக்கலாம். இலையின் ஒரு பாதி மட்டும் மாறியிருக்கிறதா? மாற்றத்தின் எல்லை நடு நரம்பு வழியே இறங்கி மொட்டின் நடுவில் போகிறது. அதிலிருந்து என்ன வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை விட்டுவிட்டு, தாளைப் பார்த்து அடுத்த கணுவுக்குப் போங்கள்.

குச்சியின் அடியை இருபுறமும் 2.5 செ.மீ. நீளத்துக்கு ஆப்பு போல ஒரே இழுப்பில் சீவுங்கள். வேர்ச்செடித் தண்டை 15 செ.மீ. உயரத்தில் வெட்டி, நடுவில் அதே ஆழத்துக்குப் பிளந்து செருகுங்கள். இரண்டின் பருமனும் ஒத்திருந்தால் இருபுறப் பட்டையும் சேரும். குச்சி மெலிதானால் ஒரு பக்கப் பட்டையையாவது நேராகச் சேர்க்க வேண்டும். நடுவில் வைத்தால் ஒட்டாது. நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, சிறு பாலித்தீன் உறையால் மூடி நிழலில் வையுங்கள். 3 முதல் 4 வாரத்தில் மொட்டு விரியும். விரிந்த பிறகும் உறையை ஒரேயடியாக எடுக்காமல், ஒரு மூலையைக் கிழித்து நான்கைந்து நாள் பழக்குங்கள். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியில் இரண்டு இலைக்கிளை விடலாம், ஆனால் அவை ஒட்டைத் தாண்டி உயரக் கூடாது.

ரோஜாவில் ஒற்றை மொட்டைப் பட்டைக்குள் செருகும் மொட்டுக்கட்டே போதும். மாறிய கணு ஒன்றுதான் இருந்தாலும் காரியம் நடக்கும் என்பது அதன் அனுகூலம். செவ்வந்தியில் 5 முதல் 7 செ.மீ. நுனித்தளிரே சுலபமாக வேர்விடும். அங்கே ஒட்டு தேவையில்லை.

7. குச்சி நடுவது இப்போது

கையில் இரண்டு நகல் உயிரோடு இருந்தால்தான் இந்தப் படி. நாள் பார்ப்பதென்றால், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி நல்ல காலம். அடைமழையில் குச்சி அழுகும், சித்திரை வெயிலில் காயும்.

பென்சில் பருமன், 15 முதல் 20 செ.மீ. நீளம், 3 அல்லது 4 கணு. அடி வெட்டு கணுவுக்குக் கீழே சாய்வாக, மேல் வெட்டு நேராக இருக்கட்டும். தலைகீழாக நடாமல் இருக்க இது ஓர் அடையாளமும்கூட. ஐபிஏவை 2000 பிபிஎம் அளவில் கரைக்க வேண்டும்: 200 மில்லிகிராம் தூளை 50 மில்லி சாராய ஸ்பிரிட்டில் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து 100 மில்லியாக்குங்கள். நேரே தண்ணீரில் போட்டால் கரையாமல் மிதக்கும். குச்சியின் அடி 2 செ.மீ. மட்டும் 5 முதல் 10 நொடி முக்கி, காற்றில் உலர்த்தி நடுங்கள். இரவெல்லாம் ஊறவைத்தால் அடி கருகிவிடும்.

மணல் இரண்டு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. மண்புழு உரம் இந்தக் கட்டத்தில் வேண்டாம். இலை துளிர்த்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைத்து இழுத்துப் பார்ப்பது பெரிய தவறு. காகிதப்பூ குச்சி, தண்டில் சேமித்த உணவை வைத்தே இரண்டு வாரத்தில் துளிர்க்கும். வேர் அதற்குப் பல வாரம் பின்னால் வரும். தொட்டியின் அடித்துளையில் வேர் தெரியும்வரை அசைக்காதீர்கள். அடுக்குச் செதில் ரகங்களும் இலை வண்ண ரகங்களும் வேர்விடச் சோம்பும். பத்துக்கு இரண்டு மூன்று பிடித்தாலே லாபம்.

8. மூன்று தலைமுறை நகல்

முதல் நகல்கள் பூத்ததும் பலர் கொண்டாடிவிடுகிறார்கள். கிழிந்த சட்டை அடுத்த தலைமுறையில்தான் தெரியும்.

முதல் நகல்களிலிருந்து, அடி, நடு, நுனி என்று மூன்று இடத்திலும் குச்சியோ மொட்டோ எடுத்து இரண்டாம் தலைமுறையாக 12 செடி உருவாக்குங்கள். நன்றாகத் தெரியும் கணுவை மட்டும் பொறுக்கி எடுத்தால் சோதனை பொய்யாகிவிடும். அவற்றிலிருந்து இதே வழியில் மூன்றாம் தலைமுறைக்கு 30 செடி. ஒவ்வொரு செடியின் தகட்டிலும் தலைமுறை எண், தாய் நகல் எண், எடுத்த கணு எண் மூன்றும் இருக்க வேண்டும்: '3-07-5' என்பதுபோல.

ஒவ்வொரு செடியும் பூத்த பிறகு எத்தனை பழையதாகத் திரும்பின என்று எண்ணுங்கள். திரும்பியவை எல்லாம் ஒரே தாய் நகலிலிருந்து வந்திருந்தால் அந்த வழியை மொத்தமாகக் கழித்துவிட்டு மற்றவற்றோடு தொடரலாம். எல்லா வழியிலும் பரவலாகத் திரும்பினால் இன்னும் கிழிந்த சட்டைதான். ஐந்தாம் படிக்குப் போய் வேறு கணுவைத் தேட வேண்டும். மனம் கசக்கும், ஆனால் விற்ற பிறகு திரும்புவதைவிட இது மேல்.

9. தாயோடு ஒரே வரிசையில் வளருங்கள்

மூன்றாம் தலைமுறையில் 10 செடி, தாய் ரகத்தில் அதே வயது 10 செடி. ஒரே அளவுத் தொட்டி, ஒரே மண்கலவை, ஒரே நாளில் கவாத்து. தாயும் புதிதும் மாறி மாறி நிற்கட்டும். ஒரு வரிசை தாய், ஒரு வரிசை புதிது என்று வைத்தால் மதிலோர வெயில் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகிவிடும். தாய்ச்செடிகளையும் அதே முறையில்தான் உருவாக்க வேண்டும். ஒட்டுச்செடியைக் குச்சிச்செடியோடு ஒப்பிட்டால் வேரின் வித்தியாசத்தைத்தான் அளப்பீர்கள்.

அளக்க வேண்டியவை: இலை நீளம், அகலம், முள்ளின் நீளமும் வளைவும், செதிலின் நீளம், அகலம், செதில் விரிந்த நாள், நடுவயது, உதிரும் முன் என மூன்று கட்ட நிறம், பூக்குழலின் நிறம், கவாத்திலிருந்து பூக்க ஆகும் நாள்.

நிறத்தில் மட்டும் கண்ணை வைக்க வேண்டாம். பூக்கும் பருவமே மாறியிருக்கலாம். 'டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்' என்ற கொடிரோஜா ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. அதில் தானாக வந்த 'நியூ டான்' திரும்பத் திரும்பப் பூத்தது. 1931-இல் அமெரிக்கா கொடுத்த முதல் தாவரக் காப்புரிமை அதற்குத்தான். பூவின் நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் யாரும் அதைப் பிரித்து எடுத்திருக்க மாட்டார்கள்.

10. ஏற்கெனவே இருக்கும் ரகமா?

உங்கள் செடியில் நடந்த மாற்றம் வேறு ஊரில் முன்பே நடந்திருக்கலாம். காகிதப்பூவில் இது மிகச் சாதாரணம். 'மேரி பால்மர்' என்ற இருநிற ரகம் 'மிஸஸ் எச்.சி. பக்' ரகத்தில் தானாக வந்தது. வெள்ளையும் மெஜந்தாவும் ஒரே செடியில் பூக்கும் அதில் மறுபடி ஒரு மாற்றம் நடந்து, இலை நடுவில் மஞ்சள் கொண்ட 'திம்மா' வந்தது. அதே மேரி பால்மரிலிருந்து முழு வெள்ளையாக வந்தது 'சுப்ரா'. ஆக, மேரி பால்மரில் வெள்ளைக் கிளை மட்டும் தனியே வந்திருக்கிறது என்று குதிப்பதற்கு முன்னால் சுப்ராவை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள்.

உங்கள் தாய் ரகத்தின் பெயரே தெரியாவிட்டால் முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நர்சரி அட்டையில் இருக்கும் பெயரை நம்பிவிடாதீர்கள். இலையும் முள்ளும் குழலும் தெரியும் மாதிரியோடு, தோட்டக்கலைக் கல்லூரியின் மலரியல் துறையில் கேட்பது நல்லது.

11. பெயரும் பதிவும்

இங்கே இரண்டு வேறு பதிவுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று பெயர்ப் பதிவு. காகிதப்பூ ரகப் பெயர்களுக்கு உலக அளவில் பதிவு செய்யும் பொறுப்பு புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. இது ஒரே பெயர் இரண்டு ரகத்துக்குப் போகாமல் தடுக்கும். விற்பனை உரிமை எதுவும் தராது. பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எழுத வேண்டும், 30 எழுத்தைத் தாண்டக் கூடாது, புதிதாக லத்தீன் வடிவில் வைக்கக் கூடாது. 'ஸ்போர்ட்', 'ஹைபிரிட்', 'வெரைட்டி' போன்ற ஆங்கிலச் சொற்களும் பெயரில் வரக் கூடாது.

மற்றொன்று உரிமைப் பதிவு. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் புதுதில்லி ஆணையத்தில் செய்வது. புதுமை, தனித்தன்மை, ஒருசீர், நிலைத்தன்மை நான்கும் வேண்டும். எட்டாம், ஒன்பதாம் படியின் குறிப்பேடு இங்கேதான் கைகொடுக்கும். உங்கள் பயிர்வகை, அரசு அறிவித்த பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மரம், கொடி வகைக்கு 18 ஆண்டும் மற்றவற்றுக்கு 15 ஆண்டும் உரிமைக்காலம்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் புதுமை விதி. இந்தியாவில் விற்கத் தொடங்கி ஓராண்டு தாண்டிவிட்டால் 'புதிய ரகம்' என்று விண்ணப்பிக்க முடியாது. மூன்று ஆண்டுச் சோதனைக்கு நடுவே நாலு தொட்டியை விற்றுக் கைச்செலவுக்கு ஆக்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். விற்காதீர்கள். அக்கம்பக்கத்துக்குக் குச்சி கொடுப்பதையும் நிறுத்துங்கள். உங்களிடமிருந்து போன குச்சி அடுத்த ஆண்டு வேறு பெயரில் சந்தைக்கு வரும்.

தாய் ரகத்துக்கே யாரிடமாவது உரிமை இருந்தால், அதில் தானாக வந்த மாற்றம் 'சார்ந்து தோன்றிய ரகம்' என்ற வகையில் அடங்கும். அதற்கு விண்ணப்பமும் தனி, தாய் ரக உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். உரிமை உள்ள ரோஜா, செவ்வந்தி ரகங்களில் ஸ்போர்ட் பிடிப்பவர்கள் இதை முதல் வாரமே விசாரித்துவிடுவது நல்லது. பழைய காகிதப்பூ ரகங்களில் இந்தத் தலைவலி குறைவு.

12. தாய்த்தொட்டியைக் காப்பது

விற்பனைக்குப் பெருக்கும் செடிகளோடு கலக்காமல், மூன்றாம் தலைமுறையில் மாறாமல் நின்ற 5 செடிகளைத் தனியே வையுங்கள். குச்சி எப்போதும் இவற்றிலிருந்து மட்டும். வாடிக்கையாளர் தொட்டியிலிருந்து எடுத்து, அதிலிருந்து மறுபடி எடுத்துப் போனால், ஐந்தாறு சுற்றில் திரும்பிய கிளை ஒன்று கலந்துவிடும், எங்கே கலந்தது என்றும் தெரியாது.

மாதம் ஒருமுறை, கவாத்துக்குப் பின் வாரம் ஒருமுறை, பழைய குணத்துக்குத் திரும்பிய துளிரைத் தேடுங்கள். கண்டால் நடுவில் வெட்ட வேண்டாம். அடிக்கணுவில் உள்ள மொட்டுகள் இரண்டு பச்சைத் துளிராகத் திருப்பிக் கொடுக்கும். துளிர் இளசாக இருக்கும்போதே, அது கிளம்பும் இடத்தில் பட்டையோடு சேர்த்து மொட்டையும் சுரண்டி எடுங்கள். காயத்தில் செம்புப் பூஞ்சணக்கொல்லிப் பசை பூசி, அந்த இடத்துக்கு நேரே தொட்டி விளிம்பில் ஒரு கோடு போட்டுவையுங்கள். மறுபடி துளிர்த்தால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் துளிர்க்கும்.